கத்திவிட்டேன், வாக்கை மீறிவிட்டேனா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 63. மூன்று வருடமாக மறதி நோய். கேட்டதையே கேட்கிறாள்; குளிக்கக் கூப்பிட்டால் அடிக்க வருகிறாள். போன வாரம் கத்திவிட்டேன். 'இது உங்கள் சிலுவை, சுமந்துதான் ஆகணும்' என்கிறார்கள் சபையில். திருமணத்தில் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனா?

பதில்: இல்லை, சகோதரரே. ஆனால் உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். நடந்தது அவர்களுக்கு மறந்திருக்கலாம். பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியில் அன்புகூர வேண்டும் என்ற வேதவசனம் (எபேசியர் 5:25) நம் திருமணங்களில் அடிக்கடி வாசிக்கப்படுகிறது. நாலு வசனம் தள்ளிப் பவுல் எழுதியதைத்தான் கவனிக்க மாட்டோம்: தன் சொந்த மாம்சத்தை ஒருவன் 'போஷித்துக் காப்பாற்றுகிறான்'. ஒப்புக்கொடுப்பது அங்கே சோறாகவும் வெந்நீராகவும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கூடவே, தன் உடம்பைப் பேணுவதைத்தான் அவர் அளவுகோலாக வைக்கிறார். தூக்கமில்லாமல் நீங்களே நோயில் படுத்துவிட்டால் அந்த ஒப்புமைக்கே பொருளில்லை.

குளியலிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலும் அது பிடிவாதமல்ல, பயம். தலையில் திடீரென்று விழும் தண்ணீர், குளிர்ந்த தரை, நம் அவசரம் எல்லாம் சேர்ந்து மிரட்டுகின்றன. அவர்கள் தெளிவாக இருக்கும் நேரத்தில், உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். முதல் குவளை பாதத்தில். ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம்: "இப்போ கையைக் கழுவலாம்." மறுத்தால் விட்டுவிட்டு அரைமணி கழித்துக் கூப்பிடுங்கள். தினமும் முழுக்குளியல் கட்டாயமில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டாலும் போதும்.

"அம்மா எங்கே?" என்று கேட்டால், "செத்து இருபது வருஷமாச்சு" என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. "அம்மா ஞாபகம் வந்துடுச்சா?" என்று பேச்சைத் தொடருங்கள். பொழுது சாயும்போது படபடப்பு கூடும். இருட்டுமுன்னே விளக்கைப் போடுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்காமல் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ இருக்கலாம்.

அமெரிக்காவில் ராபர்ட்சன் மெக்குவில்கின், அல்ஸைமர் என்னும் மறதி நோய் வந்த மனைவி முரியலைக் கவனிக்க 1990இல் வேதாகமக் கல்லூரித் தலைவர் பதவியை விட்டார். அவரைக் காட்டிப் பலரைக் குற்றவுணர்வில் தள்ளுகிறார்கள். நடந்தது வேறு. முதலில் வீட்டில் துணைக்கு ஆள் வைத்துத்தான் பார்த்தார். கணவரைக் காணாமல் முரியல் கல்லூரிக்கு நடந்துகொண்டே இருந்தார்; ஒரே நாளில் பத்துத் தடவைகூட. இரவில் பார்த்தால் பாதத்தில் ரத்தம். அவருக்குத் தேவைப்பட்டது கணவரின் முகம். உங்கள் மனைவிக்கு வேறாக இருக்கலாம்.

சிலுவையைப் பற்றிச் சொன்னவர்களிடமே கேளுங்கள்: "செவ்வாய், வெள்ளி மாலை 4 முதல் 6 வரை யார் வந்து உட்காருவீர்கள்?" 'உதவி வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் ஜெபம்தான் கிடைக்கும், நாளும் மணியும் சொன்னால் ஆள் வருவார்கள். அந்த இரண்டு மணிநேரத்தில் கடைக்கு ஓடாதீர்கள், தூங்குங்கள்.

இரவுத் தூக்கம் முற்றிலும் கெட்டு, தூக்கி உட்கார வைக்கவும் தெம்பில்லாத நிலை வந்தால், பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதாகாது. சாப்பாட்டு நேரத்தில் போய் நீங்களே ஊட்ட விடுவார்களா என்பதைச் சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.