குழந்தைப் பருவமும் ஆளுமைக் கோளாறுகளும்: வாசகர் கேள்விகள், உளவியலாளர் பதில்கள்

கேள்வி (லாஸ்பேட்டை): என் தங்கைக்கு 24 வயது. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார் மருத்துவர். எங்கள் பெற்றோர் எங்களை அடித்ததே இல்லை. கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தானே இது வரும்?

பதில்: உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றி அலைபாயும் இந்தக் கோளாறு உடையவர்களில் பலர் சிறுவயதில் வன்முறையையோ பாலியல் துன்புறுத்தலையோ புறக்கணிப்பையோ சந்தித்தவர்கள் என்பது உண்மை, எல்லோரும் அல்லர். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் 1993இல் விரிவாக எழுதிய விளக்கத்தின்படி, உணர்ச்சி சட்டென்று பொங்கி மெல்ல அடங்கும் பிறவி இயல்புள்ள குழந்தை, தன் உணர்வுகள் ஓயாமல் மறுக்கப்படும் சூழலில் வளரும்போது இது உருவாகிறது. பள்ளியில் அவமானப்பட்டு அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம், "இதுக்கெல்லாமா அழுவாங்க? மூஞ்சக் கழுவிட்டுப் போய்ப் படி" என்று அக்கறையோடே சொல்லும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஒரு நாள் சொன்னால் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் இதுவே நடந்தால், தனக்குள் எழுவது கோபமா, பயமா, துக்கமா என்று பிரித்தறிய அந்தப் பிள்ளை கற்பதில்லை. கத்தினால்தான், சில சமயம் கையைக் கீறிக்கொண்டால்தான் வீடு திரும்பிப் பார்க்கும் என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது. உங்கள் பெற்றோரைக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. பிறவி இயல்புக்கும் கணிசமான பங்கு உண்டு. உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களைக் கற்றுத்தரும், லினஹான் வகுத்த டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை பலருக்குப் பயன் தந்திருக்கிறது. நீண்டகால ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்தும் இருக்கின்றன.

கேள்வி (முத்தியால்பேட்டை): ஒரே மகனைச் செல்லமாக வளர்த்தால் தற்பெருமைக் கோளாறு வருமா?

பதில்: பாசத்தால் வராது. 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், பெற்றோரின் பாசம் பிள்ளைகளின் தன்மதிப்பை வளர்த்தது. "மற்றவர்களைவிட நீ உயர்ந்தவன்" என்ற பெற்றோரின் எண்ணமோ தற்பெருமையை வளர்த்தது. தற்பெருமைக் குணமும் கோளாறும் ஒன்றல்ல.

கேள்வி (தேவனாம்பட்டினம்): 2004 சுனாமியில் என் அக்கா இறந்தபோது அவள் மகனுக்கு மூன்று வயது. பாட்டிதான் வளர்த்தார். இன்று அவன் யாரோடும் ஒட்டுவதில்லை. அந்த இழப்புதான் காரணமா?

பதில்: இழப்பு காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒற்றைப் பேரிழப்பைவிட, அதற்குப் பின் அந்தக் குழந்தையை யார் மாறாமல் அணைத்துக்கொண்டார்கள் என்பதையே நான் முதலில் கேட்பேன். உங்கள் தாயார் பெரிய காரியம் செய்திருக்கிறார். பழக ஏங்கி, ஏளனத்துக்கு அஞ்சி விலகுகிறானா, அல்லது பழகும் விருப்பமே இல்லையா என்று கவனியுங்கள், இரண்டும் வெவ்வேறு. வெறும் கூச்சமாகவோ மனச்சோர்வாகவோகூட இருக்கலாம். ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் தயங்கினால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் முதலில் நீங்கள் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி (நெல்லிக்குப்பம், ஆசிரியர்): 12 வயது மாணவன் ஒருவன் திருடுகிறான், நாய்க்குட்டியைச் சித்திரவதை செய்கிறான். சமூக விரோத ஆளுமையா?

பதில்: 18 வயதுக்கு முன் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது, ஐயா. அந்தக் கோளாறு உடையவர்களுக்கு 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு (பிறரைத் துன்புறுத்துவதும் விதிகளை மீறுவதும் தொடர்ந்து நடப்பது) தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நடத்தைக் கோளாறுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை. தண்டிக்கும் முன் அவனைத் தனியே உட்காரவைத்து, வீட்டில் அவனை யார் அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அடி நிற்காத வீடு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.