பாஸ்வேர்டு கசியாமலேயே ஜூம்லா தளத்தை ஹேக் செய்ய முடியுமா? 'செஷன் ஓட்டை' என்று ஹோஸ்டிங்காரர் சொல்கிறாரே, அது என்ன?

முடியும். 2015 டிசம்பரில் நானே மாட்டிக்கொண்டேன்.

ஒரு பாத்திரக்கடையின் தளத்தை அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். தளம் நடத்த உதவும் மென்பொருளான ஜூம்லாவின் 2.5 பதிப்பு அது. மொபைலில் திறந்தால் ஏதோ மருந்து விற்கிற பக்கத்துக்குப் போகிறது என்று கடைக்காரர் போன் செய்தார். அட்மின், எஃப்டிபி (கோப்புகளை ஏற்றும் வழி), டேட்டாபேஸ் என்று எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். மூன்றாம் நாள் மறுபடி அதே கதை. "பூட்டை மாத்திட்டேன்னு சொன்னீங்களே தம்பி?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று ராத்திரிதான், யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் ஆக்சஸ் லாகைத் திறந்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வந்தவருடைய பிரவுசரின் பெயர் இருக்கும். யூசர் ஏஜென்ட் என்பார்கள். மொசில்லா, குரோம் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், ஒரு வரி மட்டும் நாலைந்தாக மடங்கிக் கிடந்தது. பிரவுசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சுருள் அடைப்புக்குறி, எண்கள், நடுவில் ஜூம்லாவின் நிரலில் ஒரு பகுதியான டேட்டாபேஸ் டிரைவர் கிளாஸின் பெயர். அடுத்த வரியில் அதே ஐபி மறுபடி வந்திருந்தது.

ஏன் இரண்டு முறை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தளத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், லாகின் செய்யாவிட்டாலும், ஜூம்லா ஒரு செஷன் போட்டு, அதாவது அவரை மறுபடி அடையாளம் காண ஒரு குறிப்பு போட்டு, டேட்டாபேஸில் எழுதி வைக்கும். அதில் யூசர் ஏஜென்டையும் சோதிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை அனுப்புவது வந்தவனுடைய கம்ப்யூட்டர். அவன் என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்த டேட்டாபேஸ் மென்பொருளான மைசீக்வலின் பழைய எழுத்துக் குறியீட்டு முறையான யூடிஎஃப்8 மூன்று பைட் எழுத்து வரைதான் தாங்கும். எமோஜி மாதிரி நான்கு பைட் எழுத்து வந்தால், அங்கிருந்து மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். இப்படிப் பாதியில் அறுந்த செஷனை அவன் இரண்டாம் முறை வரும்போது, ஜூம்லா எழுதப்பட்ட நிரல் மொழியான பிஎச்பி திரும்பப் படிக்கும். பழைய பிஎச்பியில் ஒரு கோளாறு: எழுதி வைத்த நீளக் கணக்கு இடித்தால் நிறுத்தாமல், தப்பான இடத்திலிருந்து தொடர்ந்து படிக்கும். அப்போது பிரவுசர் பெயருக்குள் ஒளித்து வைத்த எழுத்துகள் உண்மையான ஆப்ஜெக்டாக, அதாவது ஓடும் நிரலின் ஒரு பகுதியாக, உயிர் பெற்று, அவன் சொன்ன கட்டளையை ஓட்டிவிடும். பாஸ்வேர்டுக்கு இதில் வேலையே இல்லை.

1.5 முதல் 3.4.5 வரை எல்லாப் பதிப்புகளிலும் இந்த ஓட்டை இருந்தது. டிசம்பர் 14 அன்று 3.4.6 வந்தது. ஆனால் 12ஆம் தேதியே தாக்குதல் நடந்துகொண்டிருந்ததை சுகுரி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. ஆதரவு முடிந்துபோன 1.5, 2.5 பதிப்புகளுக்கும் தனியாகத் திருத்தக் கோப்பு கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிஎச்பி தன் பக்கக் கோளாறை அந்த செப்டம்பரிலேயே 5.4.45, 5.5.29, 5.6.13 பதிப்புகளில் சரிசெய்துவிட்டது. என் ஹோஸ்டிங்கில் ஓடியது 5.3. கேட்கவே தோன்றாதது என் தப்பு.

உங்கள் தளம் இன்னும் அந்தக் காலத்து ஜூம்லா என்றால், அப்டேட்டோடு நிறுத்தாதீர்கள். உள்ளே வந்தவன் எதையாவது விட்டுப் போயிருப்பான். நான் திருத்தக் கோப்பைப் போட்டு, செஷன் டேபிளைக் காலி செய்துவிட்டு, கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். படங்கள் ஃபோல்டரில், 2013இல் ஏற்றிய குக்கர் படங்களுக்கு நடுவே, டிசம்பர் 13 தேதியிட்ட ஒரு பிஎச்பி கோப்பு உட்கார்ந்திருந்தது.