ஆழமா, அகலமா: கணக்குத் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தை எங்கே போடுவது?

கேள்வி: தொழில்முறைக் கணக்குத் தேர்வில் நிதி அறிக்கையிடல் தாள் எழுதப்போகிறேன். இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. வேலைக்குப் போவதால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. கன்சாலிடேஷனையும் (தாய், துணை நிறுவனங்களின் கணக்குகளை ஒன்றாக்குவது) லீஸையும் (குத்தகைக் கணக்கு) ஒரு சந்தேகம் மிச்சமில்லாமல் படித்தேன், அதற்கே ஆறு வாரம் போய்விட்டது. பாடத்திட்டத்தில் பாதியை இன்னும் தொடவில்லை. கூடப் படிக்கும் நண்பர், "எல்லாவற்றையும் ஒரு தடவை புரட்டிவிடு, பாஸாகிவிடலாம்" என்கிறார். அரைகுறையாகப் படித்துவிட்டுத் தேர்வறைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. எது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. தொடாத பாதியை இந்த வாரமே தொட வேண்டும். ஆனால் புரட்டுவது படிப்பாகாது. நீங்கள் ஆழமாகப் படித்ததில் தவறில்லை. எங்கே ஆழம் என்பதைப் புத்தகத்தின் அத்தியாய வரிசை முடிவு செய்ய விட்டுவிட்டீர்கள், அதுதான் சிக்கல். அதை முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: தாள் எப்படிக் கேட்கிறது, அந்தப் பாடத்தின் மேல் வேறு எத்தனை பாடங்கள் நிற்கின்றன.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்ப்போம். தலா 20 மதிப்பெண்ணுக்கு இரண்டு கேள்விகள் என்று வையுங்கள். ஒன்றில் கரைகண்டவர் 18 வாங்குவார். மற்றதைத் தொடாதவர் என்பதால் அங்கே பூஜ்யம். இரண்டையும் நடுத்தரமாகத் தெரிந்தவர் 13, 10 என்று 23 வாங்கிவிடுவார். ஒரு கேள்வியின் முதல் பாதி மதிப்பெண், கடைசிப் பாதியைவிட எளிதாகக் கிடைக்கும் என்பதுதான் காரணம். சரியான முறையைத் தொடங்கி, வழிமுறையைக் காட்டி எழுதினால் இடையில் ஒரு தொகை பிசகினாலும் அடுத்தடுத்த படிகளுக்கு மதிப்பெண் தருவது இந்தத் தேர்வுகளில் வழக்கம். 18 வாங்குபவரை 20-க்குக் கொண்டுபோக ஆகும் நேரத்தில், தெரியாத ஒரு பாடத்தில் பூஜ்யத்தை எட்டாக்கிவிடலாம்.

அப்புறம் தாளின் அமைப்பு. பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பான ஏசிசிஏ-வின் நிதி அறிக்கையிடல் தாளில் 100 மதிப்பெண்ணில் 60 சிறு கேள்விகளுக்குப் போகிறது: தலா 2 மதிப்பெண்ணில் 15 கேள்விகள், ஒரு சூழலைக் கொடுத்து அதை வைத்துச் சிறு கேள்விகள் கேட்கும், தலா 10 மதிப்பெண்ணில் மூன்று பகுதிகள். மீதி 40 இரண்டு நீண்ட கேள்விகளுக்கு. எல்லாமே கட்டாயம், தேர்ச்சிக்கு 50. அமெரிக்காவின் சிபிஏ தேர்வில் அதே துறைத் தாள் 50 கொள்குறிக் கேள்விகளும் 7 செய்முறைப் பயிற்சிகளுமாகப் பாதிக்குப் பாதி பிரிகிறது. இந்திய சிஏ தேர்வில் ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 சதவீதம், தாள்கள் சேர்ந்த குழுவின் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அதனால் ஒரு தாளில் குவித்த மதிப்பெண் இன்னொரு தாளை ஓரளவுக்குத்தான் தூக்கிவிடும். சிறு கேள்விகள் பாடத்திட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் வரும், அவற்றுக்கு அகலம் வேண்டும். நீண்ட கேள்விகள் சில பாடங்களையே சுற்றிவரும், அங்கே ஆழம் வேண்டும். உங்கள் தாளில் இந்த விகிதம் என்ன என்று பாருங்கள். சிபிஏ தேர்வுக்கு வெளியிடும் பாடத்திட்ட விளக்கத்தில் (புளூபிரிண்ட்) ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சதவீதம், நினைவில் வைத்தால் போதுமா, பயன்படுத்தவும் பகுத்தாயவும் தெரிய வேண்டுமா என்பதுவரை போட்டிருக்கிறார்கள். ஏசிசிஏ-வும் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிலை குறிக்கிறது. பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி ஆழம். அதை வேரில் போட வேண்டும், கிளையில் அல்ல. உங்கள் தாளில் அப்படி ஒரு வேர், எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் கணக்கு. ஒரு நிறுவனம் ஒரு இயந்திரக் கூடத்தை அமைக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து அதைப் பிரித்து இடத்தைச் சீர்செய்ய 10,000 ஆகும், அது சட்டப்படியான கடமை. வட்டி விகிதம் 8 சதவீதம் என்றால் இன்றைய மதிப்பு 6,806. அந்தத் தொகையைச் சொத்தின் அடக்க விலையில் டெபிட் செய்து, புரொவிஷனில் (பின்னால் வரப்போகும் செலவுக்கான பொறுப்பு) கிரெடிட் செய்கிறோம். முதல் ஆண்டு முடிவில் 6,806-க்கு 8 சதவீதமான 544 நிதிச் செலவாகப் போகிறது, புரொவிஷன் 7,350 ஆகிறது. இரண்டாம் ஆண்டில் 588. இப்படியே ஏறி ஐந்தாம் ஆண்டு முடிவில் 10,000-ஐத் தொடும். மறுபக்கம் சொத்தில் ஏறிய 6,806-க்கு டெப்ரிசியேஷன் (தேய்மானம்) தனியாக ஓடும்.

இது ஐஏஎஸ் 37. (ஐஏஎஸ், ஐஎஃப்ஆர்எஸ் என்பவை நிதி அறிக்கைக்கான சர்வதேச விதித் தொகுப்புகள். ஒவ்வொன்றையும் ஒரு தரம் என்கிறோம்.) இதே அட்டவணையில் ஆண்டுதோறும் கட்டும் தொகையைக் கழித்துக்கொண்டே போனால் அது ஐஎஃப்ஆர்எஸ் 16-இன் லீஸ் கடன். லீஸ் தொகைக்குப் பதில் கூப்பன் வட்டியை, அதாவது கடன் பத்திரத்தில் குறித்த வட்டியை, கழித்தால் ஐஎஃப்ஆர்எஸ் 9-இல் அமார்டைஸ்டு காஸ்டில் (வட்டியைக் கூட்டி, கட்டியதைக் கழித்துவரும் மதிப்பு) வைத்திருக்கும் கடன். பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கன்வர்ட்டிபிள் பாண்டு வந்தால், மாற்றும் உரிமை இல்லாத அதே மாதிரிக் கடனுக்கான வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்பைக் கண்டு, மிச்சத்தை ஈக்விட்டியில் (உரிமையாளர்களின் பங்கு) வைக்கிறோம். அதற்குப் பிறகு ஓடுவது மறுபடியும் அதே அட்டவணைதான். துணை நிறுவனத்தை வாங்கிவிட்டு விலையில் ஒரு பகுதியை இரண்டு ஆண்டு கழித்துத் தருவதாகச் சொன்னால், அந்தக் கடனும் இப்படியே வளரும். வாடிக்கையாளருக்கு நீண்ட கடன் கொடுத்து விற்றால் ஐஎஃப்ஆர்எஸ் 15-இலும், சொத்தின் மதிப்பு வீழ்ச்சியைச் சோதிக்கும்போது ஐஏஎஸ் 36-இலும் இன்றைய மதிப்பு வந்து நிற்கும். தொடக்க இருப்பு, கூட்டல் வட்டி, கழித்தல் கட்டியது, இறுதி இருப்பு என்ற நான்கு கட்டங்கள் கையில் படிந்துவிட்டால், தனித்தனி அத்தியாயங்களாகப் பயமுறுத்தியவை அந்தந்தத் தரத்தின் சிறப்பு விதிகளாகச் சுருங்கிவிடும். லீஸை நீங்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்திருப்பதால் இதில் பெரும்பகுதி உங்களிடம் இருக்கிறது. அந்த ஆறு வாரம் வீண் என்று நினைக்க வேண்டாம்.

டிஃபர்டு டாக்ஸ் (பின்னாளில் கூடவோ குறையவோ போகும் வரி) இன்னொரு வேர். ஏட்டு மதிப்புக்கும் வரிக் கணக்கில் உள்ள மதிப்புக்கும் இடையிலான வித்தியாசம் எங்கே எழுந்தாலும் அது தலைகாட்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில், எதை டெபிட், எதை கிரெடிட் என்று எழுதும் ஜர்னல் என்ட்ரி இருக்கிறது. ஒரு பாடத்தைப் புரிந்துகொண்டீர்களா என்று சந்தேகம் வந்தால் அதற்கான என்ட்ரியைப் போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

கிளைகள் வேறு வகை. ஆண்டிறுதிக்குப் பின் நடந்தவற்றைப் பற்றிய ஐஏஎஸ் 10, சரக்கிருப்புக்கான ஐஏஎஸ் 2, அரசு மானியத்துக்கான ஐஏஎஸ் 20, வேளாண்மைக்கான ஐஏஎஸ் 41 போன்றவற்றைத் தேர்வுக்குத் தேவையான அளவுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை என்று முடித்துவிடலாம். பெரிய பாடத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று இவற்றைத் தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் இவற்றை விட்டே விடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் மதிப்பெண்ணும் அதோடு போகிறது.

சரி, எந்த அளவு படித்தால் ஒரு பாடத்தை விட்டு அடுத்ததற்குப் போகலாம்? புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: இதை எப்போது கணக்கில் ஏற்ற வேண்டும், முதலில் எந்தத் தொகையில், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் என்ன செய்ய வேண்டும், நிதி அறிக்கையில் எந்த இடத்தில் தெரியும். இந்த நான்கோடு ஒரு சிறு கேள்வியையும் விடை பார்க்காமல் முடிக்க முடிந்தால் நகருங்கள். இது மேலோட்டம் அல்ல, தரைமட்டம். இதற்குக் கீழே எந்தப் பாடத்தையும் விட்டுவைக்கக் கூடாது. உங்கள் நண்பர் புரட்டுவதாகச் சொல்வதில் விடுபடுவது இந்தச் சோதனைதான். படித்த பக்கம் கண்ணுக்குப் பழகியிருக்கும், கைக்கு வராது.

தரைமட்டத்துக்கு மேல் எங்கே தோண்டுவது என்பதை நீங்கள் செய்யும் தவறுகளே சொல்லும். பயிற்சிக் கேள்விகளைத் திருத்தும்போது தவறு என்று குறித்துவிட்டு நகராமல், எந்த வகைத் தவறு என்று பக்கத்தில் எழுதுங்கள். விதியே தெரியவில்லை என்றால் அது அகலக் குறை, அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தால் தீரும். விதி தெரிந்து, தொடங்கி, பாதியில் சிக்கினால் ஆழக் குறை. அதே வகையில் நீண்ட கேள்விகள் மூன்று நான்கு போட வேண்டும். விதி தெரியும், ஆனால் இந்தக் கேள்விக்கு அது பொருந்தும் என்றே தோன்றவில்லை என்றால் அது மூன்றாவது வகை. நன்றாகப் படிப்பவர்களை அதிகம் கவிழ்ப்பது இதுதான். ஒரே பாடத்தில் அடுத்தடுத்துக் கேள்வி போட்டுப் பழகுவதால் வருவது இது. அப்போது எந்த முறை என்று யோசிக்கும் வேலையை அத்தியாயத் தலைப்பே செய்துவிடுகிறது. 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இருவர் கணிதக் கேள்விகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வகைவாரியாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ வகைவாரிக் குழு 20 சதவீதத்துக்கு இறங்கியது, கலந்து செய்த குழு 63 எடுத்தது. பயிற்சியில் மதிப்பெண் குறைவது இங்கே நல்ல அறிகுறி என்பதை ஏற்க மனம் இடம் கொடுக்காது, ஆனாலும் கலந்தே செய்யுங்கள். தொகையைக் கூட்டும்போது பிசகுவதும் நேரம் போதாமல் விடுவதும் வேறு கதை. அவற்றுக்காக யாரும் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை.

உங்கள் பதினோரு வாரத்தில் மொத்தம் 132 மணி நேரம் இருக்கிறது. முதல் நான்கு வாரம், அதாவது 48 மணி நேரத்தில், தொடாத பாடங்கள் எல்லாவற்றையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பாடம் சுவாரஸ்யமாக இருக்கிறது என்று அங்கேயே நின்றுவிடும் பழக்கம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே மணி நேரம் ஒதுக்குங்கள், முடிந்ததும் எழுந்துவிடுங்கள். அடுத்த ஐந்து வாரம் கலப்புக் கேள்விகள், தவறுகள் காட்டும் இடத்தில் மட்டும் தோண்டல். கடைசி இரண்டு வாரம் முழு மாதிரித் தாள்கள், கடிகாரம் வைத்து. மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம் ஆனதும், பேலன்ஸ் ஷீட் சமன் ஆகாவிட்டாலும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். உங்களைப் போன்ற ஆழப் பிரியர்களுக்கு இது கசக்கும்.

படிக்கத் தொடங்கும் முன் இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்கள் தேர்வுத் தேதிக்கு எந்தத் தரங்கள் கேட்கப்படும் என்று தேர்வு நடத்தும் அமைப்பு பட்டியல் வெளியிடும். நிதி அறிக்கைகளின் வடிவத்தைச் சொல்லும் ஐஏஎஸ் 1-க்குப் பதிலாக வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு நடைமுறைக்கு வருகிறது. உங்கள் தாளில் இரண்டில் எது என்பதை அந்தப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்சாலிடேஷனை என்ன செய்வது? முதல் நான்கு வாரமும் வாரத்துக்கு ஒரு கேள்வி மட்டும், 36 நிமிடத்துக்குள். குறிப்புகளைத் திரும்பப் படிக்க வேண்டாம்.