தம்பியின் கார் தவணையும் மனைவியின் பேட்டரியும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மனைவிக்கு 14 வருடமாக வலிப்பு. நான்கு மருந்து மாற்றியும் நிற்கவில்லை. மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் சிகிச்சை செய்யலாம் என்கிறார் டாக்டர். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) தருவதுபோக 1,80,000 ராண்ட் வேண்டும். 24 சதவீத வட்டிக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா? தம்பியின் கார் தவணை 4,200 ராண்டையும் இரண்டு வருடமாக நானே கட்டுகிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய காலண்டர் தாளைப் பார்த்தேன். வலிப்பு வந்த நாளுக்கு ஒன்றாக, ஒரே மாதத்தில் 11 சிவப்பு வட்டம். ஒன்றின் பக்கத்தில் 'அடுப்படி, கை சுட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது. வலிப்புக்கு டிபிஎஸ் பற்றி 2010இல் வெளியான சாண்டே என்ற ஆய்வில் இதைச் செய்துகொண்டவர்களில், இரண்டு வருடம் கழித்துப் பாதிப் பேருக்கு மேல் வலிப்பு பாதியாவது குறைந்திருந்தது. முழுதாக நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம்; மாத்திரைச் செலவும் தொடரும்.

லோன்தான் வேண்டாம். 5 வருடத்துக்கு மாதம் சுமார் 5,200 கட்டுவீர்கள். மொத்தம் 3,10,000, வட்டி மட்டும் 1,30,000. மின்முனைக்கு மின்சாரம் தர நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் கருவி சார்ஜ் ஏற்ற முடியாத வகை என்றால், மூன்று முதல் ஐந்து வருடத்தில் பேட்டரி தீர்ந்து மறுபடி ஆபரேஷன் வரும். இந்தக் கடன் முடியும் முன்பே அடுத்த செலவு வாசலில் நிற்கும். சார்ஜ் ஏற்றும் வகைக்கு என்ன விலை, பேட்டரி மாற்றும்போது மெடிக்கல் எய்ட் எவ்வளவு தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால், மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

வருமான வரியில் ஐடிஆர்-டிடி படிவம் இருக்கிறது. மனைவியின் நோய் ஊனத்துக்கான வரையறைக்குள் வருகிறது என்று டாக்டர் சான்று தந்தால், கைக்காசில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60,000 வரை, உங்கள் வரியில் கழியும். மெடிக்கல் எய்ட் தராத மீதிக்கான காப்பீடான கேப் கவரை ஏஜென்ட் இப்போது விற்க வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்க வைப்பார்கள். ஓய்வூதிய நிதியில் முன்கூட்டியே எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியில் கை வைத்தால் அதற்கும் வரி உண்டு, கடைசி வழியாக வையுங்கள்.

சரி, தம்பி. 24 மாதம், 4,200 வீதம் 1,00,800. உங்களுக்குக் குறையும் பணத்தில் பாதிக்கு மேல்! ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், வங்கி உங்களிடம்தான் வரும். முதலில் காரை விற்கச் சொல்லுங்கள். அடுத்த தவணை கணக்கிலிருந்து போவதற்குள் பேசிவிடுங்கள். வாய் வராவிட்டால், அந்தக் காலண்டர் தாளை அவர் முன்னால் வையுங்கள்.