ஒரே ஒரு ஓட்டு

கேள்வி: 1999-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. வெளிநாட்டில் எங்காவது அப்படி நடந்திருக்கிறதா? (வாசகர், கரூர்)

பதில்: ஏன் இல்லாமல்? பிரிட்டனில் 1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் காலகன் அரசு 310-க்கு 311 என்று தோற்றது. ஆளும் லேபர் கட்சி எம்.பி. ஒருவர் ஊரில் சாகக் கிடந்தார். ஆம்புலன்ஸில் லண்டனுக்குத் தூக்கி வரலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள், வழியிலேயே உயிர் போய்விடும் என்று விட்டுவிட்டார்கள் (சில நாட்களில் இறந்தும் போனார்). இன்னொரு கூத்து, வட அயர்லாந்து சுயேச்சை ஃபிராங்க் மக்வயர். அங்கிருந்து லண்டன் வரை வந்தார், யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. கேட்டால், ஓட்டுப் போடாமல் இருப்பதற்கே நேரில் வந்தாராம்!

நம் கதை இதற்கு நேர்மாறு. அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்கியதால் ஏப்ரல் 17-ல் வாக்கெடுப்பு, 269-க்கு 270. ஒடிசா முதல்வராகி இரண்டு மாதம் ஆகியும் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்த கிரிதர் கமாங், டெல்லிக்கு வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். சரி, கவிழ்த்தாயிற்று, அடுத்து யார்? யாராலும் பெரும்பான்மை காட்ட முடியவில்லை. தேர்தல் வந்து, மறுபடி வாஜ்பாயே பிரதமர்.

கேள்வி: இதைத் தடுக்க வழியே கிடையாதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஜெர்மனியைப் பாருங்கள். 1949-ல் எழுதிய அரசியல் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி, 'இவர் வேண்டாம்' என்று மட்டும் சொல்லி பிரதமரை (அங்கே சான்ஸலர்) இறக்க முடியாது; 'இவருக்குப் பதில் இன்னார்' என்று அதே ஓட்டில் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹிட்லருக்கு முந்தைய பாராளுமன்றத்தில் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அரசை எதிர்க்கும்போது மட்டும் ஒன்றாக நிற்பார்கள், சேர்ந்து ஆள முடியாது. பட்ட சூடு. அந்த வழியில் ஜெயித்தவர் இதுவரை ஒருவர்தான், 1982-ல் ஹெல்முட் கோல். 1972-ல் வில்லி பிராண்டை இறக்கப் பார்த்தபோது 249 வேண்டியிருந்தது, கிடைத்தது 247. எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர், ஓட்டுப் போடாமல் இருக்க 50,000 மார்க் வாங்கியதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆக, குதிரை பேரத்துக்கு அங்கேயும் மருந்து கிடையாது. இருந்தாலும் எனக்கு இந்த முறைதான் பிடிக்கிறது. நம் சட்ட ஆணையமும் 1999-லேயே, தன் 170-ஆவது அறிக்கையில் இதைச் சிபாரிசு செய்தது. அறிக்கை பத்திரமாக இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில்? (வாசகர், ஓசூர்)

பதில்: அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானமே கிடையாது. குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினால்தான் அதிபரை இறக்கலாம். இன்றுவரை ஒருவரையும் இறக்கியதில்லை. 1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன் தப்பித்தார், அதுவும் ஒரே ஒரு ஓட்டில்.