கொள்ளளவுப் பாடமும் மூன்று பிள்ளைகளும்

வணக்கம் ஐயா,

துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தரம் 3, தரம் 4 இரண்டும் என்னிடம்தான். மொத்தம் 18 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது. ஒருவன் அருவி வெட்டுக் காலத்தில் தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுவான். ஒருத்தி நான் சொல்லி முடிக்கும் முன்னமே கணக்கைச் செய்துவிட்டுச் சும்மா இருப்பாள். எந்தப் பிள்ளையையும் விட்டுவிடாமல் சேர்த்துப் படிப்பிக்கும் உட்படுத்தல் கல்வி, மாணவர் மையக் கற்பித்தல் என்று செயலமர்வில் சொல்கிறார்கள். அடுத்த கிழமை கொள்ளளவுப் பாடம். பாடக்குறிப்பில் எதை எழுதுவது?

ஓர் ஆசிரியை

அன்பின் ரீச்சருக்கு,

கடிதத்தில் பிள்ளைகளை முதலிலும் பாடத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறீர்கள். பாடக்குறிப்பையும் அதே ஒழுங்கில் எழுதுங்கள். தேர்ச்சி, சாதனம், படிமுறை எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் ‘மெல்லக் கற்போருக்கு மேலதிகப் பயிற்சி’ என்று ஒரு வரி போடுவதுதான் நம் வழக்கம். அந்த வரியால் ஒரு பிள்ளைக்கும் பயன் கிடைத்து நான் காணவில்லை. இந்தப் பாடத்தில் யார் விடுபடக்கூடும்? அந்தப் பெயர்கள் முதலில் வரட்டும். படிமுறை பிறகு.

சரி, கொள்ளளவுக்கு வருவோம். வெறும் தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள்: 500 மில்லிலீற்றர், 1 லீற்றர், ஒன்றரை லீற்றர், எல்லாம் வரும். வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் மட்டும் வரவே கூடாது என்று பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். லேபலைக் கிழித்துவிட்டு, இரண்டு தரத்தையும் கலந்து குழுக்களாக இருத்துங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு யோகட் கோப்பையும் போதும். முதலில் பார்த்து ஊகிக்கட்டும், பிறகு ஊற்றி அளக்கட்டும். தரம் 3 பிள்ளைகள் எத்தனை கோப்பை என்று எண்ணட்டும். தரம் 4 பிள்ளைகள் லீற்றர், மில்லிலீற்றரில் எழுதட்டும். உயரமான போத்தலில்தான் கூடத் தண்ணீர் பிடிக்கும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். திருத்த அவசரப்படாதீர்கள், ஊற்றிப் பார்த்தால் அவர்களே சொல்வார்கள். கெதியாகச் செய்யும் பிள்ளைக்கு வேறு வேலை: வடிவத்தில் வேறாகவும் கொள்ளளவில் ஒன்றாகவும் உள்ள ஒரு சோடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவளைக் ‘குட்டி ரீச்சர்’ ஆக்கி நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடாதீர்கள். அவளும் படிக்கத்தான் வருகிறாள்.

கேள்வி கேட்டால் கொஞ்சம் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக் காட்டினார். அதை மூன்று செக்கன் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

காது சரியாகக் கேளாத பிள்ளையை முன் வாங்கில் இருத்தினால் மட்டும் போதாது. எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அது உங்கள் பக்கம் இருக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். பிள்ளை உங்கள் உதட்டைப் பார்க்க வேண்டும். நமது வகுப்பறைகள் பல அரைச்சுவர்தான். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கம் நில்லுங்கள். கார்த்திகை மழை தகரக் கூரையில் விழும்போது நல்ல காதுக்கே ஒன்றும் கேட்காது. அந்த நாளுக்கென்று பேச்சில்லாத வேலை ஒன்றைக் குறிப்பில் எழுதி வையுங்கள். அப்புறம், காதைப் பரிசோதித்திருக்கிறார்களா என்று தாய் தகப்பனிடம் கேளுங்கள். இல்லையென்றால், பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை நிற்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பிவையுங்கள்.

வீட்டில் நிற்கும் பையனையும் உட்படுத்தலுக்குள்தான் சேர்க்க வேண்டும். ஸ்பெயினின் சலமன்கா நகரில் 1994இல் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி வெளியிட்ட பிரகடனம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு நிற்கவில்லை; வேலை செய்யும் பிள்ளைகள், ஒதுக்குப்புறத்துப் பிள்ளைகள், மீத்திறன் உள்ள பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தே பேசியது. உங்கள் மூன்று பேரும் அதில் வந்துவிடுகிறார்கள். அவன் திரும்பி வரும் நாளில் விடுபட்டதை எல்லாம் கொப்பியில் பார்த்தெழுதச் சொல்லாதீர்கள், அது தண்டனை. எது விளங்காவிட்டால் அடுத்த பாடம் விளங்காதோ, அதை மட்டும் பத்து நிமிடம் அவனோடு இருந்து செய்யுங்கள். முதுகில் போட்டு மருந்தடிக்கிற ராங்கியை அவன் கட்டாயம் கண்டிருப்பான். பெரும்பாலானவை 16 லீற்றர் கொள்ளும். ஒன்றரை லீற்றர்ப் போத்தலால் ஊற்றினால் எத்தனை போத்தலில் நிரம்பும் என்று வகுப்புக்கே கேளுங்கள். கணக்கு முழுசாக வராது, பத்துக்கு மேல் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பற்றி அவர்கள் நன்றாகச் சண்டை பிடிப்பார்கள்.

குழுக்களை அடிக்கடி மாற்றுங்கள். கெட்டிக்காரர் வாங்கு, மெல்லக் கற்போர் வாங்கு என்று நிரந்தரமாக இருத்தினால், தான் எதில் இருக்கிறேன் என்பது தரம் 1 பிள்ளைக்கே விளங்கும். பாடம் முடிந்த கையோடு, முதலில் எழுதிய பெயர்களுக்கு எதிரே யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த நாள் குறிப்பை அதிலிருந்து தொடங்கலாம். ஆசிரிய ஆலோசகர் வந்தாலும் அந்தப் பக்கத்தையே காட்டுங்கள். போத்தல் பாடம் எப்படிப் போனது என்று எனக்கும் எழுதுங்கள்.