கோவைக்கு மாறும் மகனும் கணக்கிலுள்ள 19 நாள் விடுப்பும்

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

காரைக்குடி ஜவுளி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் தங்கள் மகனை, அதே முதலாளியின் கோவை நிறுவனத்துக்கு மேலாளராக அனுப்பவிருப்பதாகவும், "இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே புதிதாகச் சேரட்டும்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சம்பளம் கூடும் நேரத்தில், எடுக்காமல் சேர்ந்திருக்கும் 19 நாள் விடுப்பைப் பற்றிக் கேட்டால் முதலாளி மனம் கோணுவாரோ என்பது தங்கள் தயக்கம். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து; அதையும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

பதவி மாறுவது வேறு, முதலாளி மாறுவது வேறு. ஒரே நிறுவனத்துக்குள் கிளையோ பதவியோ மாறினால் பணித்தொடர்ச்சி அறுவதில்லை. சேர்ந்த விடுப்பும் கூடவே வரும். ஆனால் குழுமம் ஒன்றே ஆனாலும், தனித்தனியாகப் பதிவான இரு நிறுவனங்கள் சட்டத்தின் கண்ணில் இரு முதலாளிகள். ராஜினாமாச் செய்து புதிதாகச் சேர்பவருக்கு, எழுத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், விடுப்புக் கணக்கு சுழியத்திலிருந்தே தொடங்கும்.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஓராண்டு தொடர்ந்து பணி செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு (ஈட்டிய விடுப்பு) உண்டு. 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் இதில் சேரா. முதலாளியே பணியிலிருந்து நீக்கினால் எடுக்காத விடுப்புக்குப் பணம் தர வேண்டும். ஊழியர் தாமாக விலகினாலோ, அவர் முன்பே விடுப்புக் கேட்டு அது மறுக்கப்பட்டிருந்தால்தான் அந்தச் சட்டப்படி பணம் கிடைக்கும். நிறுவனத்தின் சொந்த விதி இதைவிடத் தாராளமாக இருக்கலாம் என்பதால், பணி நியமன ஆணையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆகவே தங்கள் மகன் இப்போதே மின்னஞ்சலில் விடுப்புக்கு விண்ணப்பிக்கட்டும். கொடுத்தால் ஊரில் சில நாள் இருந்துவிட்டுப் போவார். மறுத்தால் அந்த மறுப்பே அவருக்குச் சான்று.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். கோவையில் மேலாளர் நாற்காலியில் அமர்ந்த பிறகு அவருக்குத் துணையாக நிற்பது ஒப்பந்தக் கடிதம் மட்டுமே.

செட்டிநாட்டார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன நாளில், உறவினர் கடையானாலும் மூன்றாண்டுத் தவணையும் சம்பளமும் சம்பளச் சீட்டு எனும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. அப்படி எழுதி வாங்குவதை யாரும் அவநம்பிக்கையாக எடுத்துக்கொண்டதில்லை. தங்கள் மகன் கேட்க வேண்டிய சீட்டும் சிறியதுதான்: "இவருடைய முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கருதப்படும், 19 நாள் ஈட்டிய விடுப்பு கோவை நிறுவனத்தின் கணக்கில் ஏற்றுக்கொள்ளப்படும்." இதற்கு இரு நிறுவனங்களும் கையெழுத்திட வேண்டும். கோவை நிறுவனம் இசையாவிட்டால், கடைசிச் சம்பளத்தோடு 19 நாளுக்கும் பணமாகத் தரும்படி காரைக்குடியிலேயே கேட்கலாம். மிகைநேர ஊதியம் நீங்கலாக, கடைசி மூன்று மாதங்களில் வேலை செய்த நாள்களின் சராசரி ஊதியமே அதற்குக் கணக்கு.

பணியிலிருந்து விலகும்போது வரும் விடுப்புப் பணத்துக்குத் தனியார் ஊழியருக்கு, உரிய கணக்கீட்டு வரம்புகளுக்கு உட்பட்டு, வாழ்நாளில் மொத்தம் 25 லட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு. பணியில் இருக்கும்போதே விடுப்பை விற்றால் அந்தச் சலுகை இல்லை.

கடைசி நாளன்று அலுவலகக் கணினியின் கடவுச்சொல்லை முடக்கிவிடுவார்கள். விடுப்பு இருப்பு தெரியும் பக்கத்தை அதற்கு முன்பே அச்செடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.